முந்திரித் தோப்பை விற்றுப் பந்தயக் கார் ஓட்டினேன்

போன மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். "தம்பி, என் பையனுக்குப் பதினேழு வயது. கார்ப் பந்தயம்தான் ஓட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஓர் அணியில் ஆறு லட்சம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?" என்று கேட்டார். ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு மணி நேரம் பேசினேன். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதற்குப் பிறகு இப்படிக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நான் தொடங்கியபோது கேட்பதற்கு எனக்கு ஒருவரும் இல்லை. அவரிடம் சொன்னதையெல்லாம், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

என் ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். அப்பா முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். பள்ளி விட்டால் அவருடைய பட்டறையில்தான் கிடப்பேன். டீசல் வாசனையும் கழற்றிப் போட்ட பிஸ்டன்களுமாக வளர்ந்தவன். 2011இல் கிரேட்டர் நொய்டாவில் முதன்முறையாக, உலகின் உச்சக் கார்ப் பந்தயமான ஃபார்முலா 1இன் இந்தியன் கிராண்ட் பிரி நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் அதில் ஓட்டினார். அவருடைய கார் கடைசி வரிசைகளில்தான் இருந்தது; ஆனாலும் தொலைக்காட்சியில் அது தெரியும்போதெல்லாம் நான் எழுந்து நின்றுவிடுவேன். அந்த ஆண்டு டிசம்பரில் தானே புயல் வந்து பண்ருட்டிப் பக்கம் இருந்த தாத்தாவின் முந்திரித் தோப்பை ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போனது. அறுபது சென்ட் தோப்பு. எழுபது வயதில் தாத்தா மறுபடியும் ஒட்டுக்கன்று வாங்கி நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். அந்தத் தோப்பு இந்தக் கதையில் மீண்டும் வரும்.

புதுச்சேரியில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 2019இல், நண்பர்களோடு சென்னைக்குப் போன இடத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோ-கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டினோம். அன்று வந்தவர்களில் ஒரு சுற்றை முடிக்க எனக்கு ஆன நேரம்தான் மிகக் குறைவு. அங்கே வேலை செய்த ஒருவர், "உனக்குக் கை இருக்கிறது, விட்டுவிடாதே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பிக்கொண்டு மூன்று ஆண்டுகள் ஓடினேன். இன்று அதே வாக்கியத்தை யாராவது உங்கள் பிள்ளையிடம் சொன்னால், வயது என்ன என்று முதலில் பாருங்கள். உலக அளவில் மேலே வரும் ஓட்டுநர்கள் எட்டு, ஒன்பது வயதிலேயே கார்ட்டிங் தொடங்கிவிடுகிறார்கள். பதினைந்து வயதில், ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களின் முதல் படியான ஃபார்முலா 4 ஓட்டலாம். அதன் பிறகு ஃபார்முலா 3, ஃபார்முலா 2 என்று படிகள். ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் உரிமத்துக்குப் பொதுவாகப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். மூன்று பருவங்களில் நாற்பது புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். நாராயண் கார்த்திகேயன் பிரான்சில் வின்ஃபீல்டு பயிற்சிப் பள்ளிக்குப் போனது 1992இல், பதினைந்து வயதில். ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டியது 2005இல், இருபத்தெட்டு வயதில். இடையே பதின்மூன்று ஆண்டுகள். அவருடைய அப்பா ராலிப் பந்தயங்களில் பெயர் பெற்றவர். வீட்டிலேயே வழி தெரிந்த ஆள் இருந்தார். அப்படியிருந்தும் பதின்மூன்று ஆண்டுகள். நான் இருபது வயதில், வழி தெரியாத வீட்டிலிருந்து கிளம்பினேன். இருபது வயதில் தொடங்குபவருக்கு உள்நாட்டுப் பந்தயங்கள், பயிற்றுநர் வேலை, சோதனை ஓட்டுநர் வேலை ஆகியவைதான் எட்டக்கூடியவை. அதை அன்றே யாராவது நேராகச் சொல்லியிருந்தால் எனக்கு வலித்திருக்கும், ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டிருப்பேன்.

அந்த ஆண்டு இறுதியில் கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனேன். விருத்தாசலம், சேலம் வழியாக இரவு முழுவதும் பஸ் பயணம். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கில் முதன்முதலாக ஒரு ஃபார்முலா காரில் உட்கார்ந்த நிமிடத்தை எத்தனை நஷ்டம் வந்தாலும் மறக்க மாட்டேன். சக்கரங்கள் கண்ணுக்கு நேரே சுழல்கின்றன. இடுப்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. சாலையில் கார் ஓட்டிப் பழகிய கைக்கும் காலுக்கும் அங்கே ஒரு மதிப்பும் இல்லை. பயிற்றுநர் முதல் நாள் முழுவதும் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை, பிரேக்கைப் பற்றியே பேசினார். டயரின் பிடிமானம் மொத்தம் ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்; பிரேக்குக்கு எண்பது காசு கொடுத்துவிட்டால் வளைவதற்கு மீதி இருப்பது இருபது காசுதான் என்றார். நேர்க்கோட்டில் முழு பலத்தோடு பிரேக் பிடித்து, ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப அதே அளவுக்குப் பாதத்தை மெல்ல எடுக்க வேண்டும். சட்டென்று எடுத்தால் முன்பக்கத்தின் பிடிமானம் குறைந்து கார் வளையாமல் வெளியே போகும். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் இருக்க, அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி கியரை இறக்கப் பழக எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கண் எங்கே போகிறதோ அங்கேதான் கார் போகும் என்பதையும் அங்கேதான் உடம்பால் உணர்ந்தேன். மூன்றாம் நாள் மண்ணைப் பார்த்தேன், மண்ணுக்குள் போனேன்.

பயிற்சிக் கட்டணம், அதற்கு முன்பும் பின்பும் ஓட்டிய கார்ட்டிங் அமர்வுகள், பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து 95,000 ரூபாய். இதை நான் நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன். உண்மையில் ஒருவருக்கு இது ஒத்து வருமா என்று தெரிந்துகொள்ள இந்த அளவு செலவு போதும். நான் செய்த தவறு, மூன்று நாள் பயிற்சி முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் அடுத்த நாளே அணிகளைத் தேடத் தொடங்கியது. உங்கள் பிள்ளை பயிற்சியிலிருந்து திரும்பி வரும்போது முகம் ஜொலிக்கும். அந்த வாரத்தில் யாருக்கும் பணம் கட்டாதீர்கள்.

உபகரணங்களில் ஒரு பாடம் உண்டு. புதுச்சேரி காமராஜர் சாலையில் 11,000 ரூபாய்க்கு முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட் வாங்கினேன். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தது, பார்க்கவும் பந்தய வீரர்கள் போடுவது போலவே இருந்தது. போட்டிக்கு முந்தைய பாதுகாப்புப் பரிசோதனையில் அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அது மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். கார்ப் பந்தயத்துக்கு உள் துணி தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும். ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்நெல் அமைப்பின் எஸ்ஏ சான்றோ, உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் தரச்சான்றோ ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தலையையும் கழுத்தையும் தோளோடு பிணைக்கும் ஹான்ஸ் கருவியைப் பூட்ட இருபுறமும் கொக்கிகள் இருக்க வேண்டும். கடைக்காரர் மீது தவறில்லை, அவரிடம் நான் எதற்கு என்று சொல்லவில்லை. அன்று ஓட்ட முடியாமல், டிராக் ஓரத்தில் அணிகள் நிற்கும் பிட் சுவரில் நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஹெல்மெட், ஹான்ஸ், தீப்பிடிக்காத உடை, உள்ளாடை, கையுறை, காலணி என்று சரியான முறையில் வாங்க 1,35,000 ஆயிற்று. தரச்சான்றுகளுக்கும் காலாவதி உண்டு. பழைய பொருள் வாங்குவதானால் அந்தப் பருவத்தின் விதிப்புத்தகத்தில் எந்தச் சான்று செல்லும் என்று பார்த்துவிட்டு, சான்று ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதன் பிறகு பணம் கொடுங்கள். ஒருமுறை விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே நசுங்கியிருப்பது வெளியே தெரியாது.

கொரோனா முடக்கத்தில் 2020 போயிற்று. 2021இல் தேசியப் பந்தயத் தொடரில் தொடக்க நிலை ஃபார்முலா பிரிவில் ஓட்ட ஓர் அணி இடம் தருவதாகச் சொன்னது. ஒரு பருவத்துக்கு 6,50,000 ரூபாய். இந்த இடத்தில் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டிலோ கபடியிலோ நன்றாக ஆடுபவனை அணி தேர்ந்தெடுக்கும். கார்ப் பந்தயத்தின் கீழ்ப்படிகளில் இடத்தை ஓட்டுநர்தான் விலை கொடுத்து வாங்குகிறார். அதில் மோசடி ஒன்றும் இல்லை. காரும் டயரும் மெக்கானிக்கும் யாருடைய காசிலாவது வந்துதான் ஆக வேண்டும். உலகம் முழுவதும் அப்படித்தான். ஆனால் எங்கள் வீட்டில் அதைப் புரிந்துகொள்ளவில்லை. "தேர்வாகிவிட்டேன்" என்றுதான் நான் அம்மாவிடம் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பணத்துக்குத் தாத்தாவின் தோப்பைத்தான் விற்றோம். தாத்தா 2018இலேயே இறந்துவிட்டார். புயலுக்குப் பிறகு அவர் நட்ட மரங்கள் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்தன. ஒன்பது லட்சத்துக்குப் போயிற்று. பத்திரம் பதிந்த அன்று அப்பா ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில் பண்ருட்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "மரம் என்றால் மறுபடியும் நடலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் எனக்காகச் சொன்னார் என்று தெரியும். அந்த வார்த்தை இன்றைக்கும் இரவில் நினைவுக்கு வரும்.

அணி கொடுத்த ஒப்பந்தம் நான்கு பக்கம், ஆங்கிலத்தில். நான் பொறியியல் மாணவன், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவன் இல்லை. ஆனாலும் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது: யாருடைய தவறால் நேர்ந்தாலும், காருக்கு ஏற்படும் சேதம் முழுவதும் ஓட்டுநரின் பொறுப்பு. முன்வைப்புத் தொகை ஒரு லட்சம். அதற்கு மேல் ஆகும் செலவையும் ஓட்டுநரே தர வேண்டும். மேல் வரம்பு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. நெல்லிக்குப்பம் அண்ணனிடம் நான் மூன்று தடவை திருப்பிச் சொன்னது இதைத்தான். கட்டும் தொகையில் எத்தனை சுற்றுப் போட்டிகள், எத்தனை பயிற்சி நாட்கள், எத்தனை டயர்கள் அடங்கும்? எரிபொருளும் போட்டி நுழைவுக் கட்டணமும் உண்டா? கார் நடுவில் பழுதாகி ஒரு போட்டி தவறினால் பணம் திரும்ப வருமா? சேதச் செலவுக்கு வரம்பு எவ்வளவு? உதிரிபாகங்களின் விலைப்பட்டியலை முன்கூட்டியே தருவார்களா? உடைந்த பாகத்தைக் கண்ணால் பார்க்க விடுவார்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். நல்ல அணிகள் கோபித்துக்கொள்ளாமல் பதில் தருகின்றன. பின்னாளில் அப்படிப்பட்டவர்களையும் பார்த்தேன்.

எனக்கு அந்தத் தொகையில் பயிற்சி நாட்கள் சேரவில்லை. ஒரு நாளுக்கு இருபதாயிரம். பழகாமல் போட்டிக்குப் போனால் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்பதால் ஐந்து நாட்கள் எடுத்தேன். ஒரு லட்சம் கரைந்தது. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாக, சென்னை அருகே பந்தய டிராக் உள்ள இருங்காட்டுக்கோட்டைக்கும், இங்கிருந்து கோயம்புத்தூருக்கும் போய் வந்த செலவு, அறை வாடகை, சாப்பாடு எல்லாம் மொத்தத்தில் எண்பதாயிரத்தைத் தொட்டன.

அந்த முதல் பருவத்தைப் பற்றிப் பெருமையாகவே சொல்வேன். இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.717 கிலோமீட்டர். சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் ஓட்டிய தலைமுறை சேர்ந்து கட்டி, 1990இல் திறந்த இடம். அங்கே இருபது கார்களுக்கு நடுவே முதல் வளைவுக்குள் நுழையும் அந்தச் சில நொடிகளில் வயிற்றில் ஒன்றும் இருக்காது, காதில் ஒன்றும் கேட்காது. முதல் போட்டியில் பதினாறாம் இடம். பருவத்தின் கடைசிப் போட்டியில் ஏழாம் இடம். ஆனால் உடம்பைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. உட்கார்ந்துகொண்டு ஓட்டுவதற்கு என்ன உடற்பயிற்சி என்று நினைத்திருந்தேன். பல அடுக்கு உடைக்குள், எஞ்சின் சூட்டோடு, சித்திரை வெயில் இல்லாத நாளிலும்கூட இருபது நிமிடப் போட்டியில் என் எடையே குறைந்தது. எல்லாம் வியர்வை. கடைசி மூன்று சுற்றுகளில் கழுத்து தலையைத் தாங்கவில்லை. பிரேக் பிடிக்கும் இடம் ஒவ்வொரு சுற்றும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப்போனது. கால் களைத்ததால் அல்ல, தண்ணீர் இழந்த மூளை களைத்ததால். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் காலையில் ஓடுவதும், கழுத்துக்கும் முன்கைக்கும் தனியாகப் பயிற்சி செய்வதும், போட்டிக்கு முந்தைய நாளிலிருந்தே உப்புப் போட்ட மோரும் இளநீரும் குடிப்பதும் என்று நானே கற்றுக்கொண்டேன். இவற்றுக்குக் காசே ஆகவில்லை. பயிற்சி நாள் ஒன்றுக்கு இருபதாயிரம் கொடுத்ததைவிட இதனால் ஒரு சுற்றில் எனக்கு மிச்சமான நேரம் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆதரவாளர் தேடியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பது கடை ஏறினேன். புதுச்சேரியில் ஒரு டயர் கடை 25,000, கடலூரில் ஒரு பேட்டரி கடை 15,000 கொடுத்தன. இருவரும் என் அப்பாவைத் தெரிந்தவர்கள். பெரிய நிறுவனங்கள் கேட்டது ஒன்றுதான்: எங்கள் பெயரை எத்தனை பேர் பார்ப்பார்கள்? என்னிடம் பதில் இல்லை. ஏழாம் இடம் பிடித்தது யாருக்கும் தெரியாது. ஓட்டும் நேரத்தைப் போல மூன்று மடங்கு நேரத்தை, படம் எடுப்பதற்கும் எழுதுவதற்கும் ஆட்களைச் சந்திப்பதற்கும் கொடுப்பவர்களுக்குத்தான் பணம் வருகிறது. அதையும் சேர்த்ததுதான் இந்தத் தொழில் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு அது கார் ஓட்டுவதைவிடக் கடினம். எனக்குக் கடினமாக இருந்தது.

2022 பருவத்துக்கு அதே அணியில் நான்கு லட்சம் முன்பணம் கட்டினேன். அதில் அம்மாவின் பதினான்கு பவுன் அடகுக்குப் போனது. இரண்டாம் சுற்றின் போட்டியில், மூன்றாவது லேப். எனக்குப் பின்னால் வந்தவர் பிரேக் பிடிக்கத் தாமதித்து, அவருடைய முன் சக்கரத்தை என் பின் சக்கரத்தில் கொடுத்தார். சக்கரங்கள் திறந்திருக்கும் கார்களில் ரப்பரும் ரப்பரும் தொட்டால் கார் தூக்கி எறியப்படலாம். என் கார் சுழன்று, டிராக் ஓரத்தில் டயர்களை அடுக்கிய தடுப்புச் சுவரில் முன்பக்க இடது மூலையால் மோதியது. மோதும் நொடியில் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன், கட்டைவிரல் உள்ளே இருந்தது. சக்கரம் வாங்கிய அடி முழுவதும் ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வந்தது. தப்ப வழியில்லை என்று தெரிந்துவிட்டால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரு கைகளையும் மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைப் பயிற்சியில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஒரு வாரம் கண்ணை மூடிப் பழகியிருந்தால்தான் அந்த நொடியில் கை கேட்கும். நான் பழகவில்லை.

நடுவர்கள் அவருக்குத் தண்டனை கொடுத்தார்கள். அதைக் கேட்டதும் சேதத்தை அவர் தரப்பு ஏற்கும் என்று நினைத்துவிட்டேன். மறுவாரம் அணியிலிருந்து பட்டியல் வந்தது. சஸ்பென்ஷன் கைகள், இரண்டு சக்கரங்கள், முன்மூக்கு, ரேடியேட்டர், சட்டகத்தை நிமிர்த்தும் கூலி எல்லாம் சேர்த்து 2,85,000. முன்வைப்புத் தொகையைக் கழித்து மீதியைக் கட்ட வேண்டும். பந்தயத்தில் நடுவர் தரும் தண்டனை போட்டி விதியை மீறியதற்குத்தான். பண நஷ்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பட்டியலில் இருந்த ரேடியேட்டர் உடைந்ததை நான் பார்க்கவில்லை. கேட்டபோது, பழைய பாகங்களை அப்போதே தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம். விபத்து நடந்த மாலையே காரை நான்கு பக்கமும் படம் எடுத்திருந்தால் இந்தச் சந்தேகத்தோடு இத்தனை நாள் வாழ வேண்டியிருக்காது. மீதிப் பணத்தைக் கட்டும் வரை என்னால் ஓட்ட முடியவில்லை. கட்டிய நான்கு லட்சமும் திரும்ப வரவில்லை, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது.

கைக்கு வருவோம். டிராக் மருத்துவ மையத்தில் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். ஊருக்கு வந்து எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை. சுளுக்கு என்று கட்டுப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்தும் தேநீர் டம்ளரைத் தூக்க முடியவில்லை. புதுச்சேரியில் ஓர் எலும்பு மருத்துவர் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டில் பள்ளம் விழும் இடத்தில் அழுத்தினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எம்ஆர்ஐ எடுத்ததில் ஸ்காஃபாய்டு என்ற சிறிய எலும்பு முறிந்திருந்தது. அதில் ஏற்படும் முறிவு முதல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் மெதுவாகத்தான் சேரும். கவனிக்காமல் விட்டால் சேராமலே போகலாம். கட்டைவிரல் அடியில் வலி இருந்தால், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் பத்துப் பதினான்கு நாளில் மறுபடியும் பாருங்கள். எனக்குத் திருகு வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். 1,62,000 ரூபாய், நான்கு மாதம்.

காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். அப்பா எடுத்து வைத்திருந்த குடும்ப மருத்துவக் காப்பீடு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மருத்துவக் காப்பீடுகளில் பொதுவாக உள்ள விலக்குப் பட்டியலில், தொழில்முறையாக ஆபத்தான விளையாட்டுகளில் ஈடுபடுவதால் நேரும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று ஒரு விதி இருக்கிறது. மலையேற்றம், ஸ்கூபா டைவிங் ஆகியவற்றோடு மோட்டார் பந்தயமும் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. "தொழில்முறையாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை, நான்தான் பணம் கட்டி ஓட்டினேன், நான் எப்படித் தொழில்முறை ஓட்டுநர் ஆவேன் என்று வாதாட இடம் இருந்தது. சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பொறுப்பானவர்; அவரிடம் முறையிடக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, நிறுவனம் நிராகரித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தபோது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வெற்றி கிடைத்திருக்குமா என்று சொல்ல முடியாது. கேட்காமலே விட்டது என் தவறு. பந்தயம் ஓட்டும் உரிமம் எடுக்கும்போதே, போட்டி அமைப்பாளர் ஓட்டுநருக்கு எடுத்திருக்கும் விபத்துக் காப்பீடு எவ்வளவு, அறுவை சிகிச்சைக்குச் செல்லுமா என்று கேட்டு, பிரதி வாங்கி வையுங்கள். சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பழகலாம் என்று நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்: சாதாரண மோட்டார் காப்பீட்டில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கின்றன.

ஆக மொத்தம் 19,18,000 ரூபாய். ஆதரவாகக் கிடைத்தது 40,000. அடகு வட்டியும் கடன் வட்டியும் இதில் சேரவில்லை. கல்லூரியில் ஆறு பாடங்கள் பாக்கி விழுந்து, பட்டம் ஒன்றரை ஆண்டு தள்ளிப்போனது. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நான்கு மாதமும் கையில் மாவுக்கட்டோடு மொட்டை மாடியில்தான் இருந்தேன். யார் கேட்டாலும் "அடுத்த பருவம் ஓட்டுவேன்" என்றேன். பணம் தீர்ந்துவிட்டது என்பதை யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. சேதப் பட்டியலைப் பாயின் அடியில் மறைத்து வைத்திருந்தேன். அம்மா வீடு பெருக்கும்போது எடுத்துப் படித்துவிட்டு, சத்தமில்லாமல் அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். அப்பா சீட்டு எடுத்துக் கட்டினார். முதல் நாளே சொல்லியிருந்தால், அணியோடு உட்கார்ந்து பேசி ஒவ்வொரு பாகமாகக் கணக்குக் கேட்டிருக்கக்கூடிய ஆள் அவர்தான். முப்பது ஆண்டுகளாக எஞ்சின் பாகங்களுக்கு விலை பேசுபவர். இந்தக் கதையில் எனக்கு மிக வருத்தமானது இந்த இடம். வீட்டில் இருப்பவர்களுக்குப் பந்தயம் தெரியாது என்று ஒதுக்காதீர்கள். அவர்களுக்குப் பணமும் இரும்பும் மனிதர்களும் தெரியும்.

இப்போது நான் வாகனச் சோதனை ஓட்டுநர். ஒரகடம் பக்கம் ஒரு சோதனைத் தடத்தில் வேலை. ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் பிரேக் பிடித்து, ஒரே வளைவை நாற்பது முறை மாறாமல் எடுத்துவிட்டு, நாற்பதிலும் என்ன உணர்ந்தேன் என்று பொறியாளர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பந்தயத்தில் கற்றது இங்கே சோறு போடுகிறது. பட்டத்தை முடித்ததால்தான் இந்த வேலை கிடைத்தது. மணிக்கட்டு மழைக்காலத்தில் வலிக்கும். ஓட்டுவது பிடித்திருக்கிறதா என்று கேட்டால், தினமும் காலையில் இருக்கைப் பட்டையை இறுக்கும்போது இன்னும் அதே மகிழ்ச்சிதான். எந்த நாளிலும் அதற்காக நான் வருந்தியதில்லை. தெரியாமல் கொடுத்த பணத்துக்காகவும், அம்மா அப்பாவிடம் மறைத்ததற்காகவும் வருந்துகிறேன்.

நெல்லிக்குப்பம் அண்ணனிடம், ஆறு லட்சத்தை இப்போது கட்ட வேண்டாம் என்றேன். முதலில் பையனை ஒரு போட்டி வாரத்துக்குக் கொடியசைக்கும் தன்னார்வலராக அனுப்புங்கள். போட்டி நடத்தும் மன்றங்கள் அதற்குப் பயிற்சி கொடுக்கின்றன, காசு வாங்குவதில்லை. மூன்று நாள் வெயிலில் டிராக் ஓரம் நின்றால், யார் எப்படிப் பிரேக் பிடிக்கிறார்கள், எந்த அணி உடைந்த காரை எப்படி நடத்துகிறது, எந்தப் பையன் கூடாரத்தின் பின்னால் அழுகிறான் எல்லாம் தெரியும். அதன் பிறகு பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும், மூன்று நாள் பயிற்சி, பிறகு ஒரு மாதம் இடைவெளி, பிறகு பேசலாம். அவர் சரி என்றார். பையன் தொலைபேசியை வாங்கி, "அண்ணா, கொடி எந்த வளைவில் கொடுப்பார்கள்?" என்று கேட்டான். அகலத் தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். அந்த வாரம் எனக்கு விடுமுறை. திண்டிவனத்தில் அவன் ஏறும் பஸ்ஸில் நானும் ஏறிக்கொள்வேன்.